முந்நூற்றுப் பதினேழு போன வழி

மாநில நெடுஞ்சாலை முந்நூற்றுப் பதினேழு முதன்முதலாக எழுந்து நகர்ந்தது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை முற்பகலில். அப்போது அதன் மேல் எருக்கமேட்டுச் சனங்கள் நூற்றுப் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் பெண்கள், அடுத்து வயசாளிகள், கடைசியில் இளவட்டங்கள் என்று துரைக்கண்ணு வகுத்துக் கொடுத்த ஒழுங்கு கலையாமல் இருந்து, வெயில் ஏறியதும், சாலை தங்கள் ஊர் வழியாக வர வேண்டும் என்ற கோரிக்கையை மூன்றாம் முறையாக முழங்கத் தொடங்கிய வேளையில், உறங்குகிறவன் முதுகுக்குக் கீழிருந்து பாயை உருவுவதுபோல அவர்களுக்குக் கீழிருந்து தார் உருவிக்கொண்டு போனது. மேற்கே இரண்டு பர்லாங்கு தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. தன் மைல்கற்களையும், இரு கரைப் புளியமரங்களையும், ஒரு பஞ்சர் கடையையும், மறியலில் நின்றுபோன இரண்டு பேருந்துகளையும், ஒரு கரும்பு லாரியையும் அது தன்னோடு கொண்டுபோயிற்று. பேருந்துக்குள் தாய் மடியில் தூங்கிய பிள்ளைகூடக் கண் விழிக்கவில்லை. எருக்கமேட்டார் ஒரு கடலைக் கொல்லையின் நடுவில், மண்கட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாதி முழக்கத்தை அந்தரத்தில் விடுவது முறையில்லை என்பதால் அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். மறியல் செய்தார்கள் என்று எழுத அங்கே சாலை இல்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, பிறகு கடலைக் கொல்லைக்குள் அத்துமீறி நுழைந்து பயிரை மிதித்த குற்றம் என்று எழுதிக்கொண்டார். துரைக்கண்ணுக்குப் பதினைந்து நாள் கிடைத்தது. இருபத்தெட்டு வயதில், முதல் சிறைவாசத்துக்காக வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்த மனிதன் அவன். உள்ளே போனதும் பக்கத்துக் கொட்டடிக்காரன், "என்னா கேசு தோழரே, மறியலா?" என்று மரியாதையாகக் கேட்டான். துரைக்கண்ணு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "கடலை மிதிச்ச கேசு" என்றான். அந்த அவமானத்தை அவன் எந்நாளும் மன்னிக்கவில்லை.

எண் கிடைக்காதவரை அந்தச் சாலை இப்படியெல்லாம் நடந்துகொண்டதில்லை. மணக்கால்துறையிலிருந்து உடைகுளம் வரை மாட்டுவண்டிகள் போட்ட தடமாக இருந்தபோதும், ஜில்லா போர்டு கப்பி ரோடாக இருந்தபோதும், கிடந்த இடத்தில்தான் கிடந்தது. பிறகு அதற்குத் தார் போட்டு மாநில நெடுஞ்சாலை ஆக்குவதென்று முடிவாகி, நில அளவைக்காரர்கள் கூடாரம் அடித்து, சங்கிலி பிடித்து, வரைபடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்கள். அந்தக் கோடு அளவுகோல் வைத்த மாதிரி நேராக எருக்கமேட்டின் நடுவே போனது. நேர்வழி அதுதான். ஆனால் அந்த வாரத்தில் சேதிராயநல்லூர்ப் பெரிய வீட்டில் நில அளவைக்காரர்களுக்கு விருந்து நடந்தது. விருந்து முடிந்து அவர்கள் திரும்பியபோது கோடு எருக்கமேட்டைத் தொடாமல் மேற்கே வில்லாக வளைந்திருந்தது. எருக்கமேட்டுப் பெண்கள் பாறையில் உட்கார்ந்து உடைத்த ஜல்லிதான் அந்த வில் முழுக்க நிரவப்பட்டது. வில்லின் எந்த இடத்திலும் எருக்கமேட்டுக்கு நிறுத்தம் கிடையாது. பச்சைத் தலை போட்ட மைல்கல்லில் 317 என்று எழுதி நட்ட அன்று, கல் உடைத்த கைகளோடு அதைப் பார்க்கப் போனவர்களில் துரைக்கண்ணின் தாயும் ஒருத்தி. எண் எழுதியதும் சாலைக்கு உயிர் வந்துவிட்டது என்று அவள் சொன்னாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்க முத்திரை பட்டால் எதற்கும் ஒரு திமிர் வரத்தானே செய்யும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

துரைக்கண்ணு நாலாவதுக்கு மேல் படித்ததில்லை. அவனைப் படிக்க வைத்தவை துண்டறிக்கைகள். டீக்கடையில் பக்கோடா சுற்றிக் கொடுத்த ரோஸ் தாள்களையும் கூட்டம் முடிந்த திடலில் மிதிபட்டுக் கிடந்த மஞ்சள் தாள்களையும் எண்ணெய்க் கறையோடு எடுத்து வந்து எழுத்துக்கூட்டிப் படித்தான். எட்டு மணி நேர வேலை, குத்தகைச் சட்டம், பிரெஞ்சு தேசத்தில் தலை போன ராசா என்று உலகம் அவனுக்குக் கையகலத் தாள்களில் வந்து சேர்ந்தது. பிறகு தானே எழுதினான். அவன் எழுதிய நோட்டீசில் ஒவ்வொன்றிலும் "எள்முனையளவும்" என்ற சொல் ஒரு தடவையாவது இருக்கும். எள்முனையளவும் பின்வாங்க மாட்டோம், எள்முனையளவும் விட்டுத்தர மாட்டோம். மணக்கால்துறை அச்சகக்காரர் அந்தச் சொல்லைக் கலைக்காமல் தனியாகக் கோத்தே வைத்திருந்தார்.

சிறையிலிருந்து வந்தவன் அடுத்த மாசியில் மறுபடியும் ஆள் திரட்டினான். சாலை மறுபடியும் எழுந்து மேற்கே போனது. அதற்கடுத்த மாசியிலும் அப்படியே. நாலைந்து வருசத்தில் அது ஒரு வழக்கமாகி, சுற்றுவட்டாரம் முழுக்க மாசி மாதத்தை ரோடு நகரும் மாதம் என்றே சொல்லத் தொடங்கியது. பேருந்து நடத்துநர்கள் அந்த ஒரு நாளில் மட்டும் சீட்டுக் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "அண்ணே, கம்பியைப் பிடிச்சுக்கங்க, ரோடு எழுந்திரிக்கப் போவுது" என்று குரல் கொடுத்தார்கள். டீக்கடைக்காரர்கள் கடைக்குச் சக்கரம் வைத்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போட்டு, அதற்குக் கீழே, இவ்வழி தை மாதக் கடைசி வரை என்று அச்சடித்தார்கள். கோட்ட அலுவலகத்தில் ஆண்டுதோறும் மார்க்கத் திருத்தம் என்று ஒரு பக்க அறிக்கை போட்டு ஒப்பம் இட்டுக் கோப்பில் சேர்த்தார்கள்; பள்ளிக்கூடத்து மாவட்டப் படத்தில் அந்த இடத்தில் மட்டும் புள்ளிக்கோடு போட்டு வைத்தார்கள். காத்தமுத்து என்ற சாலைப் பணியாளர் பச்சைச் சாய வாளியும் தூரிகையுமாகச் சாலைக்குப் பின்னாலேயே நடந்து, நகர்ந்து வந்ததில் சிராய்த்துப்போன மைல்கற்களுக்குச் சாயம் பூசினார். சாலை ஏன் நகர்கிறது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. இந்த வருசம் எவன் நிலத்தில் போய்ப் படுக்கும் என்றுதான் கேட்டார்கள்.

அது விட்டுப்போன இடங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மண் மிஞ்சியது. அதில் வேலிக்கருவை மட்டும்தான் முளைத்தது. எருக்கமேட்டிலிருந்து மேற்கே நடந்தால் அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் சாலைக்குப் போக வேண்டும்.

நடந்தவள் தையல்நாயகி. துரைக்கண்ணின் மனைவி. எருக்கமேட்டில் விளைந்த கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, சாலைக்குப் போய், வருகிற பேருந்தை மறித்து ஏறி, சந்தைக்குப் போகிற பெண்களுக்கு அவள் முன்னோடி. தூரத்தை அவள் வெற்றிலையால் அளந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தபோது வீட்டுவாசலில் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டால் அதைத் துப்பும்போது சாலை வந்துவிடும். பத்து வருசத்தில் இரண்டு வெற்றிலை ஆயிற்று. இருபது வருசத்தில் நாலு. முழங்காலில் நீர் கோத்து, கூடைக்கு அடியில் தலைமயிர் கொட்டி, பல்லும் ஆடத் தொடங்கியபோது ஆறு வெற்றிலை. காய்ச்சல்காரர்களைக் கட்டிலோடு தூக்கிப் போனதும் ஆறு வெற்றிலைத் தூரம்தான். சிலருக்கு நாலாவது வெற்றிலையிலேயே பயணம் முடிந்துபோனது. அவர்களைச் சாம்பல் பட்டையில் இறக்கி வைத்து அழுதுவிட்டுத் திரும்பினார்கள்.

"ஏங்க, ஒன்னு சொன்னா கோவப்பட மாட்டீங்களே?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"சொல்லு."

"நாம உக்காந்தா அது ஓடுது. ரெண்டு வருசம் சும்மா இருந்து பாத்தா என்னா?"

காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோலத் துரைக்கண்ணு அவளைப் பார்த்தார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. மேடையில் பேசுகிற குரலில் வீட்டுக்குள்ளும் பேசத் தொடங்கியிருந்தார். "சும்மா இருந்து கெடைச்சா அது பிச்சை, தையலு. உக்காந்து வாங்கினாத்தான் உரிமை."

"பிச்சையோ உரிமையோ, கூடை என் தலைலதானே இருக்கு" என்றாள் அவள்.

சும்மா இருந்த வருசமும் ஒன்று வந்தது. தை மாதம் மணக்கால்துறை ஊர்வலம் ஒன்றில் லத்தி அவருடைய இடுப்பெலும்பைப் பார்த்து விழுந்துவிட, மாசி முழுவதும் அவர் பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு கிடந்தார். தலைவர் இல்லாமல் யாரும் உட்காரவில்லை. அந்த மாசி கழிந்து, பங்குனி கழிந்து, சித்திரையில் ஒரு காலை, கூடையோடு கிளம்பிய பெண்கள் சாலை தானாகவே கிழக்கே திரும்பி மூன்று பர்லாங்கு வந்து படுத்திருப்பதைப் பார்த்தார்கள். ஓடிக் களைத்த மாடு கட்டுத்தறியை நோக்கித் திரும்புவதுபோல் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்திருந்தது. தையல்நாயகி பேருந்தேறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னாள். சொல்லும்போது அவள் வாயில் வெற்றிலை இன்னும் மீதம் இருந்தது. துரைக்கண்ணு, "நான் இல்லைன்னதும் வேவு பாக்க வந்திருக்கு" என்றார்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அந்த வருசம் அவர் இரண்டு மறியல் நடத்தினார். திரும்பி வந்த மூன்று பர்லாங்கும் போய், மேலும் ஆறு பர்லாங்கும் போயிற்று. ஊர் அவரோடு போய் உட்காரத்தான் செய்தது. அவரைத் தவிர அவர்களுக்காக அடி வாங்கியவர் யாருமில்லை. அவருக்குப் பின்னால் உட்காராமல் இருப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்படி மேற்கே மேற்கே என்று போன சாலை, முப்பத்துமூன்றாம் வருசத்தில், சேதிராயநல்லூர்க் கடைத்தெருவில் போய் விழுந்தது. விழுந்ததும் அந்த ஊருக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. உரக்கடை, நகைக்கடை, பரோட்டாக் கடை, இரண்டு பெட்ரோல் பங்க் என்று சாலைக்கு இருபுறமும் மாடிகள் முளைத்தன. அதன் பிறகுதான் அவர்களுக்குப் பயம் பிடித்தது. அடுத்த மாசியில் எருக்கமேட்டார் வந்து உட்கார்ந்தால் சாலை கடைத்தெருவையும் தாண்டிப் போய்விடும் அல்லவா?

தை மாதம் ஒரு மாலை, பெரிய வீட்டுக் கனகசபை தன் ஆயுளில் முதன்முறையாக எருக்கமேட்டுக்கு வந்தார். கார் வர வழியில்லாததால் நடந்து வந்தார். வெள்ளை வேட்டி முழுக்கக் கருவை முள் ஏறியிருந்தது. "துரைக்கண்ணு இருக்காராப்பா?" என்று மரியாதை சேர்த்துக் கேட்டபோது, காதில் விழுந்தவர்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

துரைக்கண்ணு எழுந்திருக்கவில்லை. எதிரில் கிடந்த முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார். "உக்காருங்க. என்னா சேதி?"

"இந்த வருசம் மட்டும் நீங்க உக்கார வேணாம்ப்பா."

"உங்க கடைத்தெரு இருக்கணும்னு நாங்க எழுந்திருச்சுக்கணுமா?"

"அப்படிச் சொல்லலை. என்னா வேணுமோ கேளுங்க. ஒரு வேன் வுட்டுடறேன், உங்க சனம் சந்தைக்குப் போவ வர."

தையல்நாயகி உள்ளேயிருந்து இருமினாள். அந்த இருமலின் பொருள் அவருக்குத் தெரியும். வேனைக் கேளுங்கள் என்பது அதன் பொருள். அவர் கேட்கவில்லை. அந்தக் கணத்தில் அவருக்குள் முப்பத்துமூன்று வருசமாக இருண்டு கிடந்த ஒரு மூலையில் விளக்குப் பொருத்தியதுபோல் ஆயிற்று. கிழக்கே இருக்கிறவன் உட்கார்ந்தால் மேற்கே ஓடுகிற சாலை, மேற்கே இருக்கிறவன் உட்கார்ந்தால் எங்கே ஓடும்?

"வேன் வேணாம்" என்றார். அதைக் கேட்ட தையல்நாயகி குடத்தோடு கொல்லை வழியாகத் தண்ணீருக்குப் போய்விட, அவர் தொடர்ந்தார். "நாங்களும் உக்காரலை. ஆனா எங்களைப் பாத்து இன்னொருத்தன் உக்காருவான், அவனை என்னா பண்ணுவீங்க? ஒரே வழிதான். நீங்க உக்காருங்க."

"நாங்களா?"

"உங்க ரோடு போவக் கூடாதுன்னா நீங்கதான் உக்காரணும். கோரிக்கை வெச்சு உக்காந்தாத்தான் கவருமெண்டு எழுதிக் குடுக்கும். நாங்க சும்மா இருந்தாலும் அது கிழக்க வந்துடும். முந்நூத்திப் பதினேழு இனிமே கிழக்க திரும்பக் கூடாது, இங்கதான் கெடக்கணும்னு கேளுங்க."

கனகசபை யோசித்தார். அவருடைய வம்சத்தில் யாரும் தரையில் உட்கார்ந்து எதையும் கேட்டதில்லை. "எங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லையேப்பா. நோட்டீசு கீட்டீசு எழுதணும்பாங்க."

"நான் எழுதித் தர்றேன்" என்றார் துரைக்கண்ணு.

அன்று மாலை விளக்கு வைப்பதற்குள் எழுதி முடித்துவிட்டார். எதிரியின் வாயில் தன் சொற்களை வைத்து அவனை அவன் கையாலேயே தோற்கடிக்கப் போகிறோம் என்ற சந்தோசத்தில் பேனா நிற்காமல் ஓடியது. எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தையல்நாயகியிடம் வந்து, "உன் வாசலுக்கு வரப்போவுது பாரு, மாசி செவ்வாய்க்கெழமை" என்றார். என்ன, எப்படி என்று அவள் கேட்டதற்கு, சேதிராயநல்லூர்க்காரர்கள் உட்காரப் போகிறார்கள் என்பதை மட்டும் சொன்னார். நோட்டீசு எழுதியது யார் என்பதைச் சொல்லவில்லை.

செய்தி எருக்கமேட்டில் பரவியது. மாசி முதல் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சனங்கள் ஊருக்கு நடுவே, பழைய சிவப்புக் கோடு போயிருக்க வேண்டிய இடத்தில், நாற்பதடி அகலத்துக்கு வழி ஒதுக்கினார்கள். கோழிக் கூடுகளையும் ஆட்டுப் பட்டிகளையும் இடம் மாற்றினார்கள். குறுக்கே இருந்த மூக்கம்மாவின் குடிசைச் சுவரை அவளே கடப்பாரை வாங்கி இடித்தாள், "வர்றது ரோடுடா, நாம வழி வுடாட்டி எப்படி?" என்றாள். தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் கரைத்து வைத்து, எல்லாரும் மேற்கைப் பார்த்து நின்றார்கள்.

துரைக்கண்ணு மட்டும் சேதிராயநல்லூருக்குப் போனார். கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. கடைத்தெருவில் உரக்கடை மாடிப்படியில் நின்றுகொண்டார்.

சாலையின் மேல் பந்தல் போட்டிருந்தார்கள். தரையில் யாரும் உட்காரவில்லை. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பன்னீர் சோடாவும் தர்ப்பூசணிக் கீற்றும் தட்டில் வந்தன. இன்ஸ்பெக்டர் வந்து கனகசபைக்கு வணக்கம் வைத்து, "ஐயா, வெயில் ஜாஸ்தி, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க" என்று நாற்காலியைத் தானே நகர்த்திக் கொடுத்தார். ஒருவர் எழுந்து துரைக்கண்ணின் நோட்டீசைப் படித்தார். முழங்கத் தெரியாததால் மற்றவர்கள் கைதட்டினார்கள். துரைக்கண்ணு படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இதோ, இப்போது.

சாலை எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்காதது மட்டுமில்லை. நாற்காலிக் கால்கள் வழுக்காமல் இருக்கத் தார் மேட்டைத் தானே தாழ்த்திக் கொடுத்தது. அதன் கறுத்த முதுகில் அவர் எத்தனையோ தடவை கண்டிருந்த அந்த நடுக்கம், எழுவதற்கு முன்னால் ஓடுகிற சிலிர்ப்பு, கொஞ்சமும் இல்லை. தடவிக் கொடுக்கிற எசமானின் காலடியில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கிற நாயாக அது கிடந்தது. அரை மணி நேரத்தில் பெரிய அதிகாரியின் வண்டி வந்துவிட்டது. கோரிக்கையைத் தருமாறு கேட்டார், தந்தார்கள். இதை அப்படியே ஆணையாக்கிவிடலாம், நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள் என்றார். தட்டச்சு செய்கிறவனும் கூடவே வந்திருந்தான். பந்தலின் பின்பக்கத்தில் லாரியிலிருந்து இரும்பு ஆணிகளை இறக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

ஆறு வெற்றிலைத் தூரத்தையும் துரைக்கண்ணு வாயில் ஒன்றுமில்லாமல் நடந்தார். சாம்பல் பட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் எந்த வருசத்தது என்று அவருக்குத் தெரியும். எதை முழங்கினோம், யாருக்கு மண்டை உடைந்தது, அந்த வருசம் கட்டிலில் போனது யார், எல்லாம் தெரியும். ஓடியது அது திசை பார்த்து அல்ல, ஆள் பார்த்து. இதைப் புரிந்துகொள்ள முப்பத்துமூன்று வருசம். அதுவும் எவன் கடைப்படியிலோ நின்று.

ஊர் எல்லையில் ஆரத்தித் தட்டோடு அவர்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். மஞ்சள் நீரில் ஈ மொய்த்தது.

"கிளம்பிடுச்சாண்ணே?" என்று மூக்கம்மா கூவினாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் காத்தமுத்துவின் சைக்கிள் பின்னால் மணி அடித்துக்கொண்டு வந்துவிட்டது. ஆணையின் நகலை சுற்றுவட்டார ஊர்களிலெல்லாம் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு, படிக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்காகக் காத்தமுத்து உரக்கப் படித்தார். "மாநில நெடுஞ்சாலை முந்நூற்றுப் பதினேழு இன்று முதல் அதன் தற்போதைய மார்க்கத்தில் நிலைநிறுத்தப்படுகிறது. எக்காலத்தும், எவர் கோரினும், எள்முனையளவும் அது கிழக்கே நகராது."

காத்தமுத்து தாளின் பின்பக்கம் பசை தடவினார்.

"இது நம்ம நோட்டீசு மாதிரியில்ல இருக்கு" என்றாள் மூக்கம்மா. சொல்லிவிட்டு, இடித்த தன் சுவரின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தையல்நாயகி துரைக்கண்ணுவைப் பார்த்தாள். மறுக்க நினைத்திருந்தால் மறுத்திருக்கலாம். அந்தச் சொல் அவருடைய சொந்தச் சொத்தில்லையே. ஆனால் அவர் ஆயுளில் எழுதியதை எழுதவில்லை என்று ஒருதடவையும் சொன்னவரில்லை. "நான்தான் எழுதினேன்" என்றார். "அவனுங்க உக்காந்தா அது இங்க ஓடியாரும்னு நெனச்சேன்."

ஒரு வயசாளி காறித் துப்பினார். அவரை அல்ல, தரையைத்தான் பார்த்துத் துப்பினார். அது போதுமாக இருந்தது. ஆரத்தித் தட்டை வைத்திருந்த பெண் மஞ்சள் நீரைக் கோலத்தின் மேலேயே கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தையல்நாயகி போகவில்லை. சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "காத்தமுத்தண்ணே, நிலைநிறுத்தறதுன்னா என்னா பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"பர்லாங்குக்கு எட்டு ஆணி, தாயி. இரும்பு. தாரைத் தொளச்சு, உள்ள பாறை வரைக்கும் இறக்கி, மேல காங்கிரீட்டு போட்டுடறாங்க. வேலை தொடங்கியாச்சு. நாளைக்கு ராத்திரிக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும்."

"அப்பறம் அதால எழுந்திரிக்க முடியாது?"

"எங்க எழுந்திரிக்கிறது? பாவம், கத்தாத குறைதான்."

"யாரு உக்காந்தாலும்?"

காத்தமுத்து அப்போதுதான் அவள் கேட்பதைப் புரிந்துகொண்டார். சிரிக்கவில்லை. "யாரு உக்காந்தாலும்" என்றார்.

தையல்நாயகி வீடு வீடாகப் போனாள். அவள் என்ன பேசினாள் என்பதைத் துரைக்கண்ணு கேட்கவில்லை. கேட்கச் சொல்லி அவரை யாரும் கூப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்து அவள் திரும்பி வருவதற்காகக் காத்திருந்து, வந்ததும், "காலைலயே போயி அச்சகத்துல குடுத்துட்டு வந்துடறேன். எத்தனை நோட்டீசு போடலாம்?" என்றார்.

"நோட்டீசு வேணாம்."

"கோரிக்கை என்னான்னு தெரிய வேணாமா?"

"பஸ்ஸு இங்க வந்து திரும்பணும். அவ்ளோதான். அது எல்லாருக்கும் தெரியும்." வாசல்படியைத் தாண்டும்போது நின்று, கோபமே இல்லாத குரலில், "நீங்க வர்றதுன்னா வாங்க. கடைசி வரிசைல உக்காருங்க" என்றாள்.

மூன்றாம் நாள் காலை எருக்கமேட்டில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும், நடக்க முடியாதவர்கள் கட்டிலிலும், ஆறு வெற்றிலைத் தூரம் போனார்கள். கடைத்தெருவின் நடுவில், நகைக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் இடையில், கட்டில்களை இறக்கி வைத்துவிட்டுத் தாரில் உட்கார்ந்தார்கள். முழக்கம் இல்லை. வரிசை ஒழுங்கும் இல்லை. கடைசி வரிசை என்று ஒன்று இருந்ததென்றால் அது துரைக்கண்ணு உட்கார்ந்த இடம்தான்.

கடைக்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். சாலை நகரவில்லை என்றதும் சிரித்தார்கள். பதினோரு மணிக்கு வடக்கே பதினாறு பேருந்தும் தெற்கே சர்க்கரை ஆலைக்குப் போகிற லாரிகளும் நின்று, ஒலிப்பான்கள் ஒன்றாக அலறத் தொடங்கியபோது சிரிப்பு நின்றது. கனகசபை செருப்பில்லாமல் ஓடி வந்து, "துரைக்கண்ணு, என்னய்யா இது, நீதானே வழி சொன்னே" என்று கத்தினார்.

துரைக்கண்ணின் கவனம் கீழே இருந்தது. தார் கொதித்தது. மறியலில் உட்கார்ந்த இடத்தில் உச்சிவெயிலைக் காண்பது அவருக்கு இதுதான் முதல் முறை. எல்லா வருசமும் இந்நேரம் கடலைக் கொல்லையிலோ கம்பங் கொல்லையிலோ இருந்திருப்பார். வேட்டியைத் தாண்டித் தொடையைச் சுட்டது. அதற்கும் அடியில் சாலை நடுங்கிக்கொண்டிருந்தது. எழப் பார்த்தது. ஆணிகளை இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் காங்கிரீட்டு ஓரத்தில் பொடி உதிர்ந்தது. ஆணி அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தத் தடவை எழுதுவதற்குச் சாலை இருந்தது. லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யாருய்யா இங்க தலைவர்?"

துரைக்கண்ணின் வலது கை, கேள்வி முடிவதற்கு முன்பே, முப்பத்துமூன்று வருசப் பழக்கத்தில், தானாகத் தோளுயரத்துக்கு எழுந்துவிட்டது. முன்னால் தையல்நாயகியின் முதுகு தெரிந்தது. மூக்கம்மாவின் முதுகு, கட்டிலில் சாய்ந்திருந்த கிழவரின் முதுகு, எல்லா முதுகுகளும் தெரிந்தன. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டாம் தடவை கேட்டார்.

துரைக்கண்ணு தூக்கிய கையை மெல்ல இறக்கி, கொதிக்கிற தாரின் மேல் உள்ளங்கையை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் போட்டு அழுத்திக்கொண்டார்.